கொக்கிக்கு முன்னால் உள்ள எடை

பிஞ்சர் க்ரீக்,
செப்டம்பர் 9, செவ்வாய்.

அன்பு மகள் டாரியாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும், குதிரை மேபலும், நாய் புர்கோவும், மிச்சமிருக்கும் நாற்பத்தொரு மாடுகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளை ட்ரெவரும் மிலாவும் தியோவும் அதேபோல் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ பாதிப் பேச்சில் போனை வைத்ததிலிருந்து உன் குரலைக் கேட்கவில்லை. கோபம் எனக்கும் இருந்தது, இப்போது இல்லை. போனில் சொன்னால் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது, அதனால்தான் கடிதம். வரும் இருபதாம் தேதி சனிக்கிழமை அந்த வெள்ளிநிற எஸ்யூவிக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றாய். இது அதற்கு முன்னால் கிராண்ட் ஃபோர்க்ஸ் வந்து சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்ன செய்ய நினைக்கிறாயோ செய்.

ஊர் சமாச்சாரம் முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எழுத மாட்டேன் என்கிறாள். போன வாரம் திங்கட்கிழமைக் காற்று கோழிக் கூண்டின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் க்வென் வீட்டு வேலியில் போட்டது, கோழி ஒன்றுகூடச் சாகவில்லை, ஆனால் மூன்று நாள் முட்டையிடவில்லை. கோயில் கூடத்தில் அறுவடை விருந்துக்கு அம்மா இருநூறு முட்டைக்கோசு உருட்டுகள் செய்து கொடுத்தாள், பாதிரியார் எட்டு சாப்பிட்டுவிட்டு வயிறு சரியில்லை என்று அடுத்த நாள் பூசையைச் சுருக்கமாக முடித்தார், ஊரே அம்மாவுக்கு நன்றி சொல்கிறது. கன்றுகளை இந்த மாதக் கடைசியில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். புல் இந்த வருஷம் குறைவு. மருத்துவர் என் முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் குளிர்காலத்தில் பனியில் வாளி தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடுகளுக்கு டிராக்டரில் தீவனம் போட்டுவிடலாம், குதிரைக்கு முடியாது. அதனால்தான் மேபலை மலையில் பனி விழுவதற்குள் நீ கொண்டுபோக வேண்டும் என்று நாம் முடிவு செய்தோம். அதில் எந்த மாற்றமும் இல்லை. அவள் உன்னுடைய குதிரை, உன்னோடுதான் இருக்க வேண்டும். எதில் கட்டிக் கொண்டுபோவது என்பதில்தான் நாம் சண்டை போட்டோம்.

என்ன சொன்னோம் என்று எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. நீ, அந்தக் கார் இரண்டாயிரத்து இருநூற்று எழுபது கிலோ இழுக்கும் என்று கடைக்காரர் காகிதத்திலேயே காட்டினார், டிரெய்லரும் மேபலும் சேர்ந்தால் இரண்டாயிரம்கூட வராது, இதில் என்ன பயம் என்றாய். நான், காரில் குதிரை இழுப்பது கோழியை ஏரில் பூட்டுவது மாதிரி, ஒழுங்காக என்னுடையது போல ஒரு பிக்கப் டிரக் வாங்கு என்றேன். அதற்கு நீ, "அப்பா, உங்க வண்டிய நீங்க என்னைக்காவது எடை போட்டுப் பாத்திருக்கீங்களா? என் காருக்கு மட்டும் கணக்குக் கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். வைத்தபின் நான் அம்மாவிடம், இவளுக்கு வாய் அதிகம், உன்னிடமிருந்து வந்தது என்றேன். அம்மா, "வாய் என்கிட்டேருந்து வந்தது சரி, கேள்வி சரியா தப்பா, அதச் சொல்லுங்க" என்றாள். நான் மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் அந்த மாடுகள் நடுவே நின்றுகொண்டும் அதையேதான் நினைத்தேன். நீ இறங்கப் போவது கூட்டனே கணவாய். அந்தப் பக்கம் சால்மோவை நோக்கி இறங்கும் சரிவை நான் முப்பது தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறேன், கால் மணி நேரத்துக்குக் கீழே கீழே என்று போய்க்கொண்டே இருக்கும், பின்னால் உயிருள்ள ஐந்நூறு கிலோ ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கும். முன் சீட்டில் நீ இருப்பாய், பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

அதனால் பேசுவதை விட்டுவிட்டுச் செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். க்வென்னை உனக்குத் தெரியும், கால்கரியில் டீச்சராக இருந்துவிட்டு ஓய்வுபெற்று நம் வேலிக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியவள். அவளிடம் இருப்பது நீ வாங்க நினைக்கும் அதே கார், அதே வருஷம், நிறம் மட்டும் சிவப்பு. கூரை அவள் வேலியில் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போனவன் காரையும் கேட்டுவிட்டேன். அவள், "கூரையும் அனுப்புவீங்க, காரையும் கேப்பீங்களா, நல்ல பக்கத்து வீட்டுக்காரர்ப்பா" என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தாள், ஆனால் ஓட்டுவது தான்தான் என்று கட்டாயமாகச் சொல்லிவிட்டாள். டிரெய்லரில் மேபல் நிற்கும் இடது பக்கத்தில் இருபது கிலோ தீவன மூட்டை இருபத்தாறு அடுக்கிக் கட்டினேன், மேபல் எடை அதுதான். சேணம், வைக்கோல், தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் நீ கொண்டுபோவது போலவே வைத்தேன். கட்டுவதற்கு முன்னால் காரின் முன் சக்கரத்துக்கு மேலும் பின் சக்கரத்துக்கு மேலும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு குச்சியில் வெட்டிக்கொண்டேன். கட்டிய பின் பார்த்தால் பின்பக்கம் நாலு விரல் இறங்கிவிட்டது, முன்பக்கம் ஒன்றரை விரல் எழும்பிவிட்டது. முன்பக்கம் எழும்பினால் என்ன அர்த்தம், திருப்புகிற சக்கரங்கள் தரையை முழுசாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்தது மின்சாரச் செருகி. நம் டிரெய்லருக்கு ஏழு ஊசி, அவள் காரில் நாலு ஊசிக்குத்தான் இடம், அதாவது பின்விளக்கு எரியும், டிரெய்லரின் பிரேக் வேலை செய்யாது. உன் கடைக்காரர் இதைச் சொன்னாரா? கேட்டுப் பார். வேறு இணைப்பு போடலாம்தான், ஆனால் யாராவது போட வேண்டும், தானாக வராது.

பிரேக் இல்லாததால் நம் நிலத்தைத் தாண்டிப் போகவில்லை, வாசல் பாதையிலும் ஓடைக்கு இறங்குகிற சரிவிலும் மட்டும், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல். இழுப்பதில் ஒரு குறையும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன், ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் போயிற்று, க்வென்கூட, "என்ன ஒரெஸ்ட், உங்க பொண்ணு சொன்னது சரியாத்தான் இருக்கு" என்று என்னைக் குத்திக் காட்டினாள். அப்புறம் திறந்த வெளிக்கு வந்தோம், மேற்குக் காற்று பக்கவாட்டில் பிடித்தது, பெரிய காற்றுகூட இல்லை, நம் ஊருக்கு அது வெறும் மூச்சு. அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, "ஐயையோ, பின்னால யாரோ என் காரைப் பிடிச்சு ஆட்டுறாங்க" என்றாள். யாரும் இல்லை, டிரெய்லர்தான். கார் குட்டை, டிரெய்லர் நீளம், காற்று டிரெய்லரைத் தள்ளுகிறது, டிரெய்லர் காரைத் தள்ளுகிறது. ஓடைச் சரிவில் நிறுத்தச் சொன்னேன், நின்றது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே இல்லை, அதற்கு மூன்று வண்டி நீளம் தள்ளி, தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால். க்வென் இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி மேலே ஓட்ட மாட்டேன் என்றுவிட்டாள், கடைசியில் நான்தான் டிராக்டரைக் கொண்டுவந்து டிரெய்லரை மேலே இழுத்தேன். அன்று சாயங்காலம் அம்மா அவளுக்கு ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டை கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் கார் உதவாது என்று உனக்குச் சொல்ல இவ்வளவே போதும் என்று நினைத்தேன். ஆனால் நீ எண்ணைக் கேட்பாய், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், நான் நாலு விரல் என்றால் எந்த விரல் என்பாய். அதனால் வியாழக்கிழமை நம் பிக்கப்பில் டிரெய்லரைக் கட்டி, மூட்டைகளோடு அப்படியே மாட்டு ஏல மண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன், அம்மாவும் புர்கோவும் கூட வந்தார்கள், க்வென் அவள் காரில் பின்னாலேயே வந்தாள். எடைமேடையில் லார்ன் இருந்தான். என்னைப் பார்த்ததும், "என்ன பெரியவரே, மாடே இல்லாம வந்திருக்கீங்க, உங்களையே விக்கப் போறீங்களா? கிழட்டுக் காளைக்கு இன்னிக்கு விலை இல்லியே" என்றான். விஷயத்தைச் சொன்னதும் விளையாட்டை விட்டுவிட்டு ஒழுங்காக உதவி செய்தான். டிரெய்லரை மட்டும் ஏற்றிப் போட்டோம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. உன் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் சொன்னதற்குள்தான் இருக்கிறது. அப்புறம் சக்கரங்களைத் தரையில் விட்டு, டிரெய்லரின் மூக்கை மட்டும் மேடையில் ஊன்றினோம், இருநூற்று நாற்பது. இந்த இருநூற்று நாற்பதும் காரின் முதுகில் உட்காருகிற எடை, இழுக்கிற எடை இல்லை, சுமக்கிற எடை. க்வென் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, ஆட்களும் சாமானும் சேர்ந்து நானூற்று ஐம்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று இருப்பதை அம்மா படித்தாள். லார்ன் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினான். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து இருநூற்று முப்பது, உங்கள் நாய் முப்பது, பெட்டி படுக்கை சாப்பாடு நாற்பது, டிரெய்லர் மூக்கு இருநூற்று நாற்பது, ஆக ஐந்நூற்று நாற்பது. சீட்டில் உள்ளதை விடத் தொண்ணூறு அதிகம். இழுக்கும் கணக்கில் பாஸ், சுமக்கும் கணக்கில் ஃபெயில். அந்த இரண்டாவது கணக்கை யாரும் உனக்குக் காட்டவில்லை.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பார்த்தாயா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் சாந்தமாக, "சரி, இப்ப நம்ம வண்டிக் கதவத் தெறங்க" என்றாள். பதினாறு வருஷமாக அந்தக் கதவைத் தினமும் திறக்கிறேன், அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவரையும் கேட்டதில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது, சரி, பக்கத்து இருக்கையில் படிக்கத் தெரிந்தவள் உட்கார்ந்திருந்தாளே. சேறு அப்பியிருந்ததைத் துடைத்துவிட்டு அம்மா படித்தாள், அறுநூற்று நாற்பது. லார்ன் வண்டியின் பின்பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் என்ன, கடை வச்சிருக்கீங்களா?" என்றான். டிராக்டருக்கு டீசல் கொண்டுபோகும் தொட்டி, நிரம்பினால் முந்நூறு. கருவிப் பெட்டி, சங்கிலி, வேலிக் கம்பிச் சுருள், கம்பம் அடிக்கும் இரும்பு, இரண்டு உப்புக் கட்டி, எல்லாம் நூற்று முப்பது. நானும் அம்மாவும் நூற்று அறுபது (இந்த இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன் என்ற பிறகுதான் எடுத்தாள்). புர்கோ முப்பது. டிரெய்லர் மூக்கு இருநூற்று நாற்பது. எண்ணூற்று அறுபது. உன் காரைவிட நான் மோசம், இருநூற்று இருபது கிலோ அதிகம், அதுவும் ஒரே ஒரு குதிரைக்கு. லார்ன் ரசீதை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவனுடைய பிக்கப்பிலும் அதே மாதிரி தொட்டி இருக்கிறது, ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் இப்படித்தான், டிரெய்லரை மாட்டும் கொக்கிக்குப் பின்னால் இருப்பதைக் கிலோ சுத்தமாகச் சொல்வோம், பெட்டியில் எந்நேரமும் கிடப்பது வண்டியோடு பிறந்தது என்று நினைப்பு. ஆகவே நீ போனில் கேட்டது சரியான கேள்வி. என் வண்டியைப் போல ஒன்று வாங்கு என்று நான் சொன்னது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதோடு முடித்திருப்பேன், முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் லண்ட்ப்ரெக் இறக்கம் வந்தது. தொண்ணூற்றேழு ஜூன், உனக்குப் பதினோரு வயசு, எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாய், டிரெய்லரில் உன் குதிரை டியூக்கும் அம்மாவின் குதிரையும். பிக்கப்பின் பின் வலது டயர் வெடித்தது, டிரெய்லர் பள்ளத்தில் சாய்ந்தது, டியூக்குக்கு முன்னங்கால் போயிற்று, அங்கேயே சுட வேண்டி வந்தது. அதற்கப்புறம் நாலு வருஷம் நீ குதிரை ஏறவில்லை. டயரை விற்றது ஆர்ச்சி மெக்லீஷ். அவன் கெட்டுப்போன டயரைத் தலையில் கட்டிவிட்டான் என்று நான் ஏல மண்டியில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், காப்பிக் கடையில் சொன்னேன், உனக்கும் சொன்னேன். ஜனம் நம்பியது, இரண்டு வருஷத்தில் அவன் கடையை மூடினான். அன்று வண்டிப் பெட்டியில் இருந்ததும் இதே தொட்டிதான் டாரியா, நிரம்பி இருந்தது, வண்டி மாறும்போதெல்லாம் தொட்டியை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். ஆர்ச்சி அன்று பள்ளத்துக்கே வந்து பார்த்தான், பெட்டியைத் தட்டிப் பார்த்து ஏதோ சொன்னான், நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் பொய், பாதி தெரியும், மீதியைத் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை.

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். முதியோர் விடுதியில் இருக்கிறான், கண் சரியில்லை, காது நன்றாக இருக்கிறது. பெயரைச் சொன்னதும், "இருபத்தெட்டு வருஷம் லேட்டா வந்திருக்க. காப்பியாவது வாங்கிட்டு வந்தியா, வெறுங்கையா?" என்றான். வெறுங்கைதான், வெளியே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். எடைமேடையில் நடந்ததைச் சொன்னேன், தொட்டியைச் சொன்னேன், டயர் நல்ல டயர்தான் என்று சொன்னேன். காப்பியைக் குடித்து முடித்தான். அப்புறம், "விக்கிற அன்னிக்கே டயர் ஓரத்துல இருந்தத உனக்குப் படிச்சுக் காட்டினேன்டா. எவ்வளவு தாங்கும்னு எண்ணு போட்டிருக்கு, இதுக்கு மேல ஏத்தாதேன்னேன். நீ காசை மேசைல வச்சுட்டுப் பாதியிலயே போயிட்ட. ஒனக்குப் படிக்கத் தெரியலன்னு நான் ஒருநாளும் சிரிச்சதில்ல, ஆனா படிச்சுக் காட்டினா கேக்கணும்ல" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, உன் மகள் இப்போது என்ன வண்டி பார்க்கிறாள் என்று அவனாகவே கேட்டான். சொன்னேன். எது வாங்கினாலும் காருக்குப் போடும் மெத்தை டயரோடு மலையேறக் கூடாது, கனம் தாங்கும் டயர் போடச் சொல் என்றான். அவன் சொன்னதாகவே எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன். ஏல மண்டியிலும் கோயிலிலும் காப்பிக் கடையிலும் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி, இந்த வாரத்தில் ஒவ்வொன்றாகப் போகிறேன். உன்னிடம் சொல்வதுதான் முதலில்.

இனி வண்டி. உனக்குத் தேவை முக்கால் டன் என்று சொல்கிற கனரகப் பிக்கப், புதுசு வேண்டாம், பழசே போதும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே நீளம் இருக்க வேண்டும், அந்த நீளம்தான் காற்றில் ஆட்டத்தை அடக்கும். ஏழு ஊசிச் செருகியும், டிரெய்லர் பிரேக்கைக் கையாலும் பிடிக்கிற பெட்டியும் ஏற்கெனவே மாட்டியிருந்தால் நல்லது. கீழே குனிந்து கொக்கி பிடித்திருக்கும் சட்டத்தில் துரு தின்றிருக்கிறதா என்று பார், முடியாவிட்டால் ட்ரெவரைப் படுக்கச் சொல், அவன் முதுகு நன்றாகத்தானே இருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுவார்கள், நீ இறக்கத்தில் ஓட்டு. கியர் எண்ணெயை முகர்ந்து பார், தீய்ந்த வாடை வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. ஆஸ்பத்திரியில் நிறுத்த இடம் குறுகல் என்றாய், உண்மைதான், வேலைக்கு உன் சின்னக் காரிலேயே போ, பிக்கப் வீட்டில் நிற்கட்டும். பெட்டியில் எதையும் நிரந்தரமாகப் போட்டு வைக்காதே. கடைசியாக ஒன்று, இதை நீதான் முடிவு செய்ய வேண்டும். க்ரான்புரூக்கிலிருந்து பெவ் டுஷார்ம் என்றொரு பெண் மாதம் இரண்டு தடவை பெரிய வண்டியில் இங்கிருந்து குதிரைகளை உங்கள் பக்கம் ஏற்றிக்கொண்டு போகிறாள், அக்டோபர் நாலாம் தேதி ஒரு இடம் காலி இருக்கிறதாம். நான் சரி என்று சொல்லவில்லை, உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். மேபல் அவளோடு வந்துவிட்டால் உனக்கு வண்டி வாங்க அவசரமே இல்லை, வசந்தம் வரை நிதானமாகத் தேடலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன் வாயை அடைக்க நானே நம் பிக்கப்பில் மேபலைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் வந்து உன் வாசலில் நிற்கலாம் என்று இருந்தேன், இந்தப் பதின்மூன்றாம் தேதி என்று நாளும் குறித்துவிட்டேன். அம்மாவுக்கே இப்போதுதான் தெரியும், எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் வரப் போவதில்லை. தொட்டியைக் கழற்றி டிராக்டர் கொட்டகை ஓரம் இறக்கி வைத்தாயிற்று, ஆனாலும் அந்த வண்டியில் குதிரை கட்டி மலை ஏற மாட்டேன்.

கடவுள் உங்கள் நாலு பேரையும் வழியிலும் வீட்டிலும் காப்பாற்றட்டும். மிலா ஜன்னலைத் திறந்து தலையை நீட்டக் கூடாது, தியோ பல் முளைத்ததும் போட்டோ அனுப்ப வேண்டும், இது அம்மா சொன்னது. ட்ரெவருக்கு என் அன்பு, அவன் உன் பக்கம் பேசினான் என்று எனக்கு வருத்தமில்லை, அது அவன் வேலை. பெவ்வுக்கு இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. அடுத்த மாதமோ அடுத்த வருஷமோ, எந்த வண்டிக்குக் கையெழுத்துப் போடப் போனாலும், பேனாவை எடுக்குமுன் கதவைத் திறந்து அந்த எடைச் சீட்டில் இருப்பதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டு. குறுக்கே பேச மாட்டேன், கடைசி எண் வரை கேட்பேன். விற்கிறவர் அவசரப்படுத்தினால், என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, மெதுவாகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடு.

உன் நலனையே நினைத்திருக்கும்,
அப்பா ஒரெஸ்ட் ஹவ்ரிலாக்
(பெயரை எழுதியது அம்மா ஸ்டெஃபா. கீழே இருப்பது நம் மாடுகளுக்குப் போடும் சூட்டு அடையாளம், அவர் தன் கையால் போட்டது.)